மரியபுஷ்பத்தின் அம்புக்குறி

பலகையில் மரியபுஷ்பத்தின் அம்புக்குறி நகர்ந்தால் திரைக்குள்ளிருந்து காற்று வரும் என்பதைக் கோவில்பட்டியில் முதலில் கண்டுபிடித்தது தையல்கடை நூர்நிஷாவின் கைக்குழந்தைதான். கத்திரி வெயில் தொடங்கிய ஒரு மதியம், கரண்டு போய், தகரக் கூரைக்குக் கீழே கடை அடுப்பாகக் காந்திக்கொண்டிருக்க, விடாமல் கத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, அம்மாவின் லேப்டாப்புக்கு முன்னால் கிடத்தியதும் அழுகையை நிறுத்தி, கண்ணை மூடி, நெற்றி முடி மெல்லப் பறக்கப் பறக்கத் தூங்கிப்போனது. நூர்நிஷா திரைக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தாள். காற்று வந்தது. திரையில் ஊதா நிறத்து அம்புக்குறி ஒன்று, 'மரியபுஷ்பம், சிவகாசி' என்ற பெயரை வால் போல இழுத்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நின்றதும் காற்றும் நின்றது. மறுபடி நகர்ந்ததும் மறுபடி வந்தது. நூர்நிஷா வெட்டிப் போட்டிருந்த துணிகள் பறக்காதபடி அவற்றின் மேல் கத்தரிக்கோலைத் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, "அக்கா, இங்கன வந்து உக்காருங்க, காத்து வருது" என்றாள்.

அந்தப் பலகைக்குப் பரப்பு என்று பெயர். இணையத்தில் விரிந்து கிடக்கும் வெள்ளைப் பலகை அது. எந்தப் பக்கமும் எல்லை கிடையாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வந்து எழுதலாம், படம் வரையலாம், மஞ்சள் சீட்டு ஒட்டலாம், அடுத்தவர் செய்ததற்குப் பக்கத்தில் ஒரு இதயத்தை வைத்துவிட்டுப் போகலாம். யார் வந்தாலும் அவர் கை அங்கே பெயர் கட்டிய ஓர் அம்புக்குறியாக ஓடும். கோவில்பட்டிக்கு அதைக் கொண்டுவந்தவள் சண்முகக்கனி. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில் கணக்கு டியூஷன் எடுப்பதற்காக அதைப் படித்துக்கொண்டவள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பிய பிறகும் விடவில்லை. நூர்நிஷாவுக்கு ஜாக்கெட் மாடல் வரைந்து வைக்கவும், கேட்டரிங் பெருமாள்சாமிக்குப் பந்தி போடும் வரிசையைத் திட்டம் பண்ணவும் சொல்லிக்கொடுத்து, ஊரில் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அழைத்துவந்து, கோவில்பட்டிப் பரப்புக் குழு என்று ஒரு பொதுப் பலகையை உண்டாக்கி, அதற்கு அட்மினாகவும் இருந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரி மாடியில் எல்லோரையும் கூட்டித் தேங்காய் பன்னும் டீயும் கொடுத்துப் புதிதாக ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்தாள். யாரும் எடுத்துத் தங்கள் வீட்டு விவரத்தை நிரப்பிக்கொள்ளும்படி அவள் செய்து வைத்திருந்த 'கல்யாணப் பலகை' என்ற டெம்ப்ளேட்டைச் சிங்கப்பூரில் இருக்கிறவர்கள்கூட எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஊரில் அவளுக்குப் பரப்பு டீச்சர் என்றே பெயராகிவிட்டது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால், தன் டெம்ப்ளேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக இதயம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் வாசல் பக்கமே போவாள்.

மரியபுஷ்பத்தைக் குழுவில் சேர்த்துக்கொண்டதும் அவள்தான். சிவகாசியில் காலண்டருக்கு ஓரப் பூவேலை வரைகிறவள், 'என்னையும் சேத்துக்குவீங்களா' என்று கேட்டு எழுதியிருந்தாள். சேர்ந்த பிறகு அவள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பலகையில் யாராவது கோணலாகப் போட்ட கட்டத்தை நேராக்கி வைப்பாள். வெறுமையாகக் கிடக்கிற மூலையில் ஒரு கொடியையும் இரண்டு பூவையும் வரைந்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் அவள் வேலை. அந்த வேலையில்தான் காற்று வந்தது.

ஊர் அந்தக் காற்றை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஏன் வருகிறது என்று கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள், ஆனால் வியர்வை காய்ந்ததும் அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். செல்போனில் பார்த்தால் ஊதுவத்திப் புகை கலைகிற அளவுக்கு வரும், லேப்டாப்பில் பார்த்தால் பிள்ளை தூங்குகிற அளவுக்கு வரும், பெரிய டிவியில் போட்டுப் பார்த்தால் துவைத்துப் போட்ட வேட்டி உலர்கிற அளவுக்கு வரும் என்பது தெரிந்துபோனதும், பெருமாள்சாமி தன் கூடத்து டிவிக்கு முன்னால் கொடி கட்டித் துணி காயப்போட்டார். மற்றவர்கள் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள், தொட்டிலை இறக்கிக் கட்டினார்கள், வக்கீல் ஆபீசில் தாள்களின் மேல் கூழாங்கல் வந்து உட்கார்ந்தது, வயதுக்கு வந்த பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டுப் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அது எந்தக் காற்று என்பதில்தான் கொஞ்சம் தகராறு வந்தது.

"இது கொண்டல். மழை வாசம் அடிக்குது பாருங்க" என்றார் பெருமாள்சாமி.

"கிழக்க இருந்து வந்தாத்தானய்யா கொண்டல்? சிவகாசி நமக்கு வடக்க இருக்கு. அப்ப இது வாடை" என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார்.

"கத்திரியில ஏதுய்யா வாடை?"

"நாம திரையை எந்தப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கமோ அந்தப் பக்கத்துக் காத்து. அதோட விடுங்க" என்றாள் நூர்நிஷா, அதோடு விட்டார்கள்.

அம்புக்குறி ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காற்று பலமாக அடித்தது, தள்ளி இருந்தவர்களுக்கு லேசாக அடித்தது. ஆகவே எல்லையே இல்லாத பலகையில் இட நெருக்கடி வந்தது. எல்லோரும் தங்கள் பந்தித் திட்டத்தையும், ஜாக்கெட் மாடலையும், சீட்டுக் கணக்கையும், வீட்டுப் பிளானையும் பெயர்த்துக்கொண்டு வந்து மரியபுஷ்பம் பூ வரைகிற மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினார்கள். 'புஷ்பம் அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கமும் வந்துட்டுப் போங்க' என்று மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். யாரோ மாவிலைத் தோரணம் வரைந்தார்கள். வேறு யாரோ, அவள் அம்புக்குறி வழக்கமாக வந்து நிற்கிற இடத்துக்கு மேலே ஒரு திருஷ்டிப் பூசணிக்காயை வரைந்து, அதற்கு முறைத்த கண்ணும் பெரிய மீசையும் வைத்துத் தொங்கவிட்டார்கள்.

அந்தப் பூசணிக்காய் தன்னைத்தான் முறைக்கிறது என்று சண்முகக்கனிக்குத் தோன்றியது.

கல்யாணப் பலகைக்குப் பக்கத்தில் இப்போது ஆளில்லை. அவள் அம்புக்குறி மட்டும் அங்கே தனியாக, சந்தை கலைந்த திடலில் நிற்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. காலையில் பார்த்தால் இதயம் இல்லை. சரி, ஊர் போகட்டும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பாள், அவள் புருஷன் தவசிமுத்து மட்டும் அந்தக் காற்றுக்கு முன்னால் போய் உட்காராமல் இருந்திருந்தால்.

தவசிமுத்து பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். லீவு நாளானால் வீட்டில்தான் இருப்பான். கல்யாணமான இத்தனை வருஷத்தில், 'ஏங்க, இதைப் பாருங்களேன், நான் போட்டது' என்று அவள் திரையைத் திருப்பிக் காட்டும்போதெல்லாம், 'நல்லாருக்கு நல்லாருக்கு' என்று அந்தப் பக்கமே பார்க்காமல் சொல்லிவிட்டுப் போகிறவன், இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளுடைய நாற்காலியில், அவளுடைய லேப்டாப்புக்கு முன்னால், சட்டைப் பட்டனைக் கழற்றி விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்திருக்க, அந்த ஊதா அம்புக்குறிக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. தன்னோடு இருந்த எந்த நேரத்திலும் அந்த முகம் அப்படி இளகியதில்லை.

"ஏ கனி, வந்து உக்காரேன். என்னா காத்து!"

"உங்களுக்குக் காத்து வேணும்னா மொட்டை மாடிக்குப் போங்க."

"மாடியில எங்க அடிக்குது? அனலுல்ல அடிக்குது."

"அப்ப நனைங்க போய், பாத்ரூம்ல தண்ணி இருக்கு."

அவள் அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டுமென்றே அடுப்பைப் பற்றவைத்து, வேண்டாத வேளையில் உளுந்தை வறுத்தாள். வேர்த்து ஊற்றியது. கதவுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக அந்தக் காற்று ஊர்ந்து வந்து அவள் கால்விரலைத் தொட்டது. அவள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

பிறகு அவளும் முயன்று பார்த்தாள். தன் அம்புக்குறியைப் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விரட்டினாள், மாவு சலிக்கிற மாதிரி ஆட்டினாள், வட்டம் சுற்றினாள். பனைமரத்தை வரைந்தாள், கடலை வரைந்தாள், கடலுக்கு மேல் மேகத்தை வரைந்தாள், அந்த மேகத்துக்குக் கன்னம் உப்ப வாய் வைத்தாள். தவசிமுத்துவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"வருதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அவன் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கி, புருவத்தில் நின்று, மூக்கில் விழுந்தது.

"லேசா வருது கனி. லேசா வர்ற மாதிரிதான் இருக்கு."

வரவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். லேசா வருது என்று அவன் சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் அவன் வேனை டிங்கர் வேலைக்கு விட்டுவரப் போயிருந்தபோது, சண்முகக்கனி ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். ஊதா அம்புக்குறி அப்போது யாருடைய வீட்டுப் பிளானுக்கோ மூலையில் ஒரு முல்லைக்கொடியை ஏற்றிக்கொண்டிருந்தது. காற்று வந்து முதலில் அவள் கழுத்தைத் தொட்டது, பிறகு காதுக்குப் பின்னால் போனது, பிறகு கொண்டையை அவிழ்த்தது. அவள் எதையுமே நினைக்கவில்லை. தன் கல்யாணப் பலகையை நினைக்கவில்லை, இதயங்களை நினைக்கவில்லை, அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்காமல் போனதைக்கூட நினைக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள், விழித்தபோது சாயங்காலமாகியிருந்தது, உடம்பு பஞ்சு போல இருந்தது, கண்ணில் நீர் நின்றது. இவ்வளவு நல்லதா இது என்று நினைத்தாள். உடனே வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அடங்கவில்லை. மறுநாள் அவள் சிவகாசிக்குப் பஸ் ஏறினாள். அதில் ஏதோ தந்திரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே போனாள்.

மரியபுஷ்பம் அண்ணன் நடத்துகிற அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தாள். கீழே மிஷின் ஓடுகிற சூடு தரை வழியாகக் காலில் ஏறியது. ஒரே ஒரு ஜன்னல்; அதைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கொடியில் தொங்கவிட்டிருந்த காலண்டர்த் தாள்கள் ஆணியடித்த மாதிரி அசையாமல் நின்றன. வந்தது யார் என்று தெரிந்ததும் மரியபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தான் நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லியாக, கழுத்தெல்லாம் வேர்க்குருவாக இருந்தாள்.

"டீச்சரக்கா! நீங்களா? எங்க ரூமுக்கா? உங்க கல்யாணப் பலகையப் பாத்துத்தான்க்கா நான் எல்லாமே கத்துக்கிட்டேன். எனக்குன்னு ஒண்ணு எடுத்து, சும்மா ஆசைக்கு, யார் யாரைக் கூப்பிடணும், பந்தியில என்னென்ன வைக்கணும்னு எல்லாத்தையும் நிரப்பி வச்சிருக்கேன். மாப்பிள்ளை பேர் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லிச் சிரித்தாள்.

சண்முகக்கனிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, ஏனென்றால் அது நல்ல சிரிப்பாக இருந்தது.

"நீ வேலை பாரும்மா. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

மரியபுஷ்பம் தரையில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். சண்முகக்கனி மடியிலிருந்த கைப்பைக்குள் செல்போனைப் பலகையைத் திறந்த நிலையிலேயே வைத்திருந்தாள். மவுஸ் நகர்ந்ததும் மடியில் பை மெல்ல உப்பியது. உள்ளே பஸ் டிக்கெட்டும் கர்ச்சீப்பும் படபடப்பது அவள் தொடைக்குத் தெரிந்தது. ஜிப் இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று வந்து அவள் முழங்கையைத் தொட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு முடி அசையவில்லை. அவள் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி விசைப்பலகையில் விழ, அவள் அதை விரலால் துடைத்துவிட்டுத் தொடர்ந்து வரைந்தாள். தந்திரம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் வீசுகிற அந்தக் காற்று, வீசுகிறவளுக்கு மட்டும் இல்லை; அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? எல்லாரும் காத்து காத்துன்னு எழுதுறாங்க. 'உங்க காத்துல எம்பிள்ளை தூங்குது'ன்னு ஒருத்தங்க. 'உங்க காத்துல வேட்டி காயுது'ன்னு ஒருத்தரு. எனக்கு ஒண்ணும் விளங்கலக்கா. இங்க பிரஸ்ல யார்கிட்டயாவது கேட்டாச் சிரிப்பாங்கன்னு கேக்கல. அது நெசமாவா? இல்ல, கேலி பண்றாங்களா?"

அவள் திரும்பி, முகத்தை நிமிர்த்தி, பதிலுக்காகக் காத்திருந்தாள். சண்முகக்கனி உப்பிய பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கேலிதான்ம்மா" என்றாள். "எங்க ஊர்ல அப்படித்தான். வேலை இல்லாம பூவும் கொடியும் வரையிறவங்களைப் பாத்து, காத்து வாங்குறாங்கன்னு சொல்லுவாங்க. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

மரியபுஷ்பம் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பை அமுங்கியது. "சரிக்கா" என்றாள். பிறகு கீழே போய் சண்முகக்கனிக்கு ஒரு கலர் சோடா வாங்கிக்கொண்டு வந்து, உடைத்துக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஊதா அம்புக்குறி பலகைக்கு வரவில்லை.

முதலில் ஊர், அவளுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று சொன்னது. பிறகு, சிவகாசியில் காலண்டர் வேலை நெருக்கடி என்று சொன்னது. வாரம் ஆகஆக, ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லத் தொடங்கினார்கள்: நீங்கள்தான் உங்கள் வீட்டுப் பிளானைக் கொண்டுவந்து அவள் மேலேயே போட்டீர்கள், நீங்கள்தான் எந்நேரமும் இங்கே வா அங்கே வா என்று சீட்டு ஒட்டினீர்கள், அந்தப் பூசணிக்காயைப் பார்த்துத்தான் பயந்துவிட்டாள். கத்திரி முடியாமல் நீண்டது. நூர்நிஷாவின் பிள்ளைக்கு வேர்க்குரு பழுத்தது. பெருமாள்சாமியின் கூடத்தில் வேட்டிகள் விறைப்பாகத் தொங்கின. ஆனாலும் யாரும் கட்டிலைப் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. ஊர் முழுக்க, அசையாத திரைகளுக்கு முன்னால், ஜனங்கள் விசிறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலியாகக் கிடந்த மூலையில் மஞ்சள் சீட்டுகள் குவிந்தன. 'புஷ்பம், தெரியாம ஏதும் சொல்லிட்டோமா?' 'காத்து வேண்டாம், நீ வந்து பூப்போட்டாப் போதும்.'

சிலர் கல்யாணப் பலகைப் பக்கம் திரும்பி வந்தார்கள். ஒரு காலையில் அங்கே புது இதயம் ஒன்று விழுந்திருந்தது. சண்முகக்கனி அதைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பல் தேய்க்கப் போனாள்.

அன்று சாயங்காலம் நூர்நிஷா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள், கூடவே பெருமாள்சாமியும் வந்தார்.

"டீச்சர், நீங்கதான் அட்மின். நீங்க ஒரு வார்த்தை பேசுனா வருவாங்க. உங்க மேல அவுகளுக்கு அம்புட்டு மரியாதை" என்றார் பெருமாள்சாமி. பிள்ளை நூர்நிஷாவின் தோளைச் சொறிந்துகொண்டே சிணுங்கியது.

பார்க்கிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு அவள் உள்ளே வந்தபோது, தவசிமுத்து வழக்கம் போல நாற்காலியில் லேப்டாப்புக்கு முன்னால் இருந்தான். காற்று இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, வந்துவிடும் என்கிற மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க சொன்னேன்" என்றாள் சண்முகக்கனி.

"என்னது?"

"சிவகாசிக்குப் போனேன்ல. அங்க போயி, காத்தெல்லாம் கெடையாது, உன்னைய எல்லாரும் கேலி பண்றாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. அவ மேல காத்து படல. நான் பையைப் பொத்திக்கிட்டு இருந்தேன். பையை இப்படிப் பொத்திக்கிட்டு..." என்று கையால் செய்து காட்டினாள்.

தவசிமுத்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் எழுந்து சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான்.

"வண்டியை எடுக்கட்டா?" என்றான்.

பள்ளிக்கூட வேனில், பிள்ளைகள் கீறி வைத்த இருக்கைகளுக்கு நடுவே, இரண்டு பேரும் சிவகாசிக்குப் போனார்கள். அவன் கீழேயே நின்றுகொண்டான். சண்முகக்கனி மட்டும் மாடி ஏறினாள். இந்தத் தடவை மரியபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப, அது நெசம்."

"நெசம்."

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்ம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"என் மேலயா?" மரியபுஷ்பம் அறையைச் சுற்றிப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இந்த ரூம்ல கெடக்கிறவ மேலயா?" முந்தானையை முறுக்கிப் பிடித்தாள். "நான் எத்தனை நாள் அழுதேன் தெரியுமாக்கா? கர்த்தரே, நான் ஒரு பூப்போட்டது குத்தமான்னு முழங்கால்ல நின்னு அழுதேன். இப்ப எதுக்கு வந்தீங்க? காத்தில்லாமப் புழுங்குதுன்னா?"

"அதுவும்தான்" என்றாள் சண்முகக்கனி. பொய் சொல்ல அவளுக்கு இனிமேல் வாய் வரவில்லை.

"அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க, இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. எதை நான் நம்ப?"

"நம்பாத. வந்து பாரு. கண்ணால பாரு. பாத்துட்டு என் மூஞ்சியில துப்பிட்டு வா, வண்டியிலயே கொண்டாந்து விட்டுருதோம்."

மரியபுஷ்பம் கொடியில் தொங்கிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேக்கரி மாடியில் நிற்க இடமில்லை. அவளைப் பார்த்ததும் ஊர் ஆர்ப்பாட்டம் ஒன்றும் செய்யவில்லை, வழி விட்டது, யாரோ டீ கொடுத்தார்கள், நூர்நிஷா வந்து, "இவன்தான் அந்தத் தூங்குமூஞ்சி" என்று பிள்ளையைக் காட்டினாள். சண்முகக்கனி எல்லோருக்கும் முன்னால் நின்று, தான் சிவகாசியில் சொன்ன பொய்யை, இப்படிச் சொன்னேன், இதனால்தான் வரவில்லை என்று, கரும்பலகையில் கணக்குப் போடுகிற குரலில் சொல்லி முடித்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தவசிமுத்து மட்டும் பார்த்தான். பிறகு ப்ரொஜக்டரைப் போட்டார்கள். சுவர் முழுக்கப் பலகை விரிந்தது. மரியபுஷ்பம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மவுஸை நகர்த்தினாள்.

சுவரளவு பலகையிலிருந்து சுவரளவு காற்று வந்தது. டீ கப்புகள் உருண்டன, பன் சுற்றிய தாள்கள் கூரைக்கு ஏறின, நூர்நிஷாவின் துப்பட்டா பின்னால் நின்ற தாசில்தாரின் முகத்தை மூடியது, பெருமாள்சாமியின் வேட்டி பாய்மரம் போலப் புடைக்க அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கொண்டல்! நான்தான் சொன்னேன்ல, கொண்டல்!" என்று கத்தினார். பிறகு சத்தம் அடங்கியது. ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். பிள்ளை தூங்கியது. அத்தனை பேருடைய முடியும் அத்தனை பேருடைய துணியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பறக்க, நடுவே மரியபுஷ்பம் மட்டும், முந்தானையில் ஒரு நூல்கூட அசையாமல், கழுத்தில் வியர்வை வழிய உட்கார்ந்து, அவர்களைப் பார்த்தாள். நூர்நிஷாவைப் பார்த்தாள், பெருமாள்சாமியைப் பார்த்தாள், வாய் லேசாகத் திறந்திருந்த தவசிமுத்துவைப் பார்த்தாள்.

கண்ணை மூடாமல் நின்றவள் சண்முகக்கனி ஒருத்திதான். மரியபுஷ்பத்தின் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். உதடு இறுகியது, தாடை முன்னால் வந்தது, கண் ஒவ்வொருவர் மேலும் போய் ஒட்டி ஒட்டி மீண்டது. அது என்ன என்று அந்த மாடியில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சண்முகக்கனிக்குத் தெரியும்.

மரியபுஷ்பம் மவுஸை விட்டாள். காற்று நின்றது. தாள்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. எல்லோரும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்கள்.

"எப்படிக்கா இருக்கும்?" என்றாள் மரியபுஷ்பம்.

சண்முகக்கனி வாயைத் திறந்தாள். கழுத்தைத் தொடும், காதுக்குப் பின்னால் போகும் என்று சொல்ல நினைத்தாள். அந்த நாற்காலியில் தான் தூங்கிப்போன மதியத்தைச் சொல்ல நினைத்தாள்.  மேஜையைச் சுற்றி வந்து, மரியபுஷ்பத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவளுடைய இடது கையை எடுத்து, காற்று பட்டுக் குளிர்ந்திருந்த தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கை சூடாக இருந்தது. முதலில் விறைத்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, கன்னத்தில், நெற்றியில், காதோரத்தில் மெல்லத் தடவிப் போய்விட்டு மறுபடி கன்னத்துக்கே வந்தன.

"ஜில்லுன்னு இருக்கு" என்றாள் மரியபுஷ்பம்.

அந்தக் கையை எடுக்காமலே வலது கையால் மவுஸைத் தேடிப் பிடித்து நகர்த்தினாள். எதிரே தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டான், அவன் முகம் இளகியது. அதைப் பார்த்ததும் சண்முகக்கனிக்கு வயிற்றில் பழையபடி சுருக்கென்று எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கைக்குக் கீழே கன்னத்தை அசைக்காமல் வைத்திருந்தாள்.